மண்ணெண்ணெயில் ஓடிய காரைப் புதுசாக்கலாமா?

உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். கோண்டாவிலில் இருக்கும் அப்பப்பாவின் வளவை விற்கப் போகிறீர்கள். பின்கொட்டிலில் ஓர் ஒஸ்ரின் ஏ40 கார், மண்ணெண்ணெயில் ஓடும் இறைப்பு மெசின், டைனமோ பூட்டிய பழைய சைக்கிள், இரண்டு துண்டுத் தண்டவாளம் கிடக்கின்றன. பழைய இரும்பு வாங்குபவர் எல்லாவற்றையும் கிலோக் கணக்கில் கேட்கிறார். கொடுக்க உங்களுக்கு மனம் வரவில்லை. யாழ்ப்பாணத்தில் என்றைக்காவது போக்குவரத்துக்கும் தொழில்நுட்பத்துக்குமென ஒரு நூதனசாலை வந்தால் அதற்குக் கொடுக்கலாம் என்று யோசிக்கிறீர்கள். அதற்கு முன் துருவை மணல் வீசி நீக்கி, பெயின்ற் அடித்து, காரின் பொனற்றுக்குள் கம்பியால் கட்டியிருக்கும் அந்த 'அசிங்கமான' சேலைன் போத்தலையும் ரியூப்பையும் கழற்றி எறிந்து, கொம்பனியில் இருந்து இறங்கிய நாள் மாதிரி ஆக்கிக் கொடுப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆக, இந்தச் சாமான்களில் பெறுமதியானது எது என்று தெரியாமல் பெயின்ற் பற்றி முடிவெடுக்க முடியாத இடத்தில் நிற்கிறீர்கள்.

நான் யாழ்ப்பாணத்தில் பிற்றர் வேலை பழகியவன். பிறகு வெளிநாட்டில் ஒரு நூதனசாலையின் பட்டறையில் இருபது வருடத்துக்கு மேல் பழைய எஞ்சின்களோடும் வண்டிகளோடும் வேலை செய்தேன். அந்த அனுபவத்தில் இருந்துதான் எழுதுகிறேன். வாகனப் பதிவு, வளவில் யாருக்கு என்ன பங்கு என்பதெல்லாம் சட்டத்தரணியிடம் கேட்க வேண்டியவை. அதில் என் பேச்சை எடுக்க வேண்டாம்.

சுருக்கமான பதில்: பெயின்ற் அடிக்க வேண்டாம், மணல் வீச வேண்டாம், அந்தப் போத்தலில் கையே வைக்க வேண்டாம். ஏன் என்று விளக்கத்தான் இவ்வளவு நீளம்.

ஒஸ்ரின் ஏ40 உலகத்தில் அரிதான கார் அல்ல. அதன் டெவன் வகை 1947 முதல் 1952 வரையும், சோமர்செற் வகை அதன் பிறகு 1954 வரையும் பெருந்தொகையாக இங்கிலாந்தில் செய்யப்பட்டவை. பளபளவென்று மினுக்கிய ஏ40 வேண்டுமென்றால் இங்கிலாந்திலேயே நிறையப் பேரிடம் இருக்கிறது. எந்த நூதனசாலையும் அதற்காகக் கோண்டாவிலுக்கு வரத் தேவையில்லை. ஆனால் 1990க்குப் பிறகு, போர்க்காலத்தில் அரசு விதித்த பொருளாதாரத் தடைக்குள், மண்ணெண்ணெயில் ஓடிய ஏ40 யாழ் குடாநாட்டைத் தவிர வேறெங்கே கிடைக்கும்? நீங்கள் அனுப்பிய படத்தில் காபரேற்றருக்கு மேலே தொங்கும் அந்தப் போத்தல்தான் இந்தக் காரை உலகத்து மற்ற ஏ40களில் இருந்து பிரிக்கிறது. அதைக் கழற்றி எறிந்தால் உங்களிடம் மிஞ்சுவது எங்கும் கிடைக்கும் இன்னொரு ஏ40 மட்டும்தான்.

அந்தப் போத்தல் என்ன வேலை செய்தது என்று உங்கள் தலைமுறைக்குத் தெரியாமல் இருப்பது இயல்பு. 1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கியபோது குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது, ரயில் நின்றது, பெற்றோலும் பற்றறியும் தடைப் பட்டியலில் போயின. கிடைத்த எரிபொருள் மண்ணெண்ணெய். அதுவும் நெருப்பு விலை. பெற்றோல் எஞ்சின் ஒன்றைக் குளிர்ந்த நிலையில் மண்ணெண்ணெயில் கிளப்ப முடியாது. பெற்றோல் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகிக் காற்றோடு கலக்கும். மண்ணெண்ணெய்க்கு அதைவிடக் கூடிய சூடு வேண்டும். ஆகவே சின்னப் போத்தல் ஒன்றில் கொஞ்சம் பெற்றோலை வைத்து, ரியூப்பால் காபரேற்றருக்குச் சொட்டுச் சொட்டாக விட்டு எஞ்சினைக் கிளப்புவார்கள். எஞ்சின் நன்றாகச் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பின்னால் வெள்ளைப் புகை தள்ளும். அந்த மணம் இப்போதும் எனக்கு மூக்கில் இருக்கிறது. இடையில் எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டால் மறுபடியும் அந்தச் சில சொட்டுப் பெற்றோல் வேண்டும் என்பதால், சந்தையடியில் காரை நிறுத்தாமல் இரைய விட்டுக்கொண்டே சாமான் ஏற்றுவார்கள்.

பொறியியல் ரீதியாக இதற்கு ஒரு விலை இருந்தது. மண்ணெண்ணெய் அழுத்தத்தில் நேரத்துக்கு முன்பே வெடித்து எஞ்சினைத் தட்டவைக்கும். எரியாமல் மிஞ்சியது பிஸ்ரன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணீர் மாதிரி ஆக்கும், பெயறிங்குகள் தேயும். அந்தத் தட்டலைக் குறைக்கத் எஞ்சின் தலைமூடிக்குக் கீழே ஒன்றுக்குப் பதில் இரட்டை காஸ்கற் (இடையில் வைக்கும் அடைப்புத் தகடு) போட்டு அழுத்தத்தைக் குறைப்பது மெக்கானிக்மாரின் ஒரு வழி. உங்கள் காரில் அப்படிச் செய்திருக்கிறதா என்று படத்தை வைத்துச் சொல்ல முடியாது. தலைமூடிக்கும் பிளொக்குக்கும் இடையில் எத்தனை தகட்டு விளிம்பு தெரிகிறது என்று ரோச் அடித்துப் பாருங்கள். திறக்க வேண்டாம், வெளியே இருந்து பார்த்தாலே போதும். இரண்டு தெரிந்தால் ஒரு பெயரில்லாத மெக்கானிக்கின் முடிவை நீங்கள் கண்ணால் பார்க்கிறீர்கள். அவரை மாதிரி நூற்றுக்கணக்கானவர்கள் அந்த ஐந்து வருடம் எந்தப் புத்தகத்திலும் இல்லாத தீர்வுகளைக் கண்டுபிடித்து இந்தக் குடாநாட்டை ஓடவைத்தார்கள். அவர்கள் எழுதி வைக்கவில்லை. எழுதியதெல்லாம் இரும்பில்தான் இருக்கிறது.

நான் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. பட்டறையில் சேர்ந்த புதிதில் ஒரு பழைய உழவு மெசின் வந்தது. அதன் பக்கத்துத் தகட்டை மணல் வீசி வெள்ளி மாதிரி ஆக்கினேன். எல்லாரும் பாராட்டினார்கள். சில மாதம் கழித்து அதைக் கொடுத்த குடும்பத்தில் இருந்து மகன் வந்து பார்த்தார். தகட்டைத் தடவிக்கொண்டே, "அப்பா இதில் ஆணியால் கீறி வைத்த கணக்கு எங்கே?" என்று கேட்டார். எந்த வயலை எந்த வருடம் உழுதது என்ற கணக்கு. நான் துருவோடு சேர்த்து அதையும் வீசிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. அன்றைக்குப் பிறகு நான் படம் எடுத்து, பூதக்கண்ணாடியால் பார்க்காமல் எந்தப் பரப்பையும் தொட்டதில்லை.

அதனால்தான் காரின் இலக்கத் தகட்டையும் அப்படியே விடச் சொல்கிறேன். 1950களின் முற்பாதியில் இலங்கையில் பதிவான கார்களின் இலக்கம் ஆங்கில எழுத்துகளில் இருக்கும். அதற்குப் பின் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து வந்தது. 1958இல் அந்த எழுத்துக்குத் தார் பூசும் போராட்டம் வடக்கில் நடந்தது. உங்கள் தகட்டில் பல அடுக்குப் பெயின்ற் இருப்பது போலப் படத்தில் தெரிகிறது. அடியில் என்ன இருக்கிறது என்று ஊகிக்க நான் விரும்பவில்லை. காரின் பதிவு வருடத்தைப் பதிவுப் புத்தகத்தில் பார்த்தால் அது எந்தத் தொகுதி இலக்கம் என்று தெரியும். அடுக்குகளைப் பிரித்துப் பார்ப்பது பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டிய வேலை.

இறைப்பு மெசினுக்கு வருவோம். கொட்டிலுக்குள் இருப்பவற்றில் இதைத்தான் எல்லாரும் கடைசியாகப் பார்ப்பார்கள். நான் முதலில் வைப்பேன். யாழ்ப்பாணத்தின் தொழிற்புரட்சி எது என்று ஒரு நூதனசாலை கேட்டால், ரயிலை விட, சீமெந்து ஆலையை விட, இந்த இரண்டு கை அகல மெசின்தான் என்று நான் சொல்வேன். இது என் கருத்து, மறுப்பவர்களும் இருப்பார்கள். ஆண்டு முழுக்க ஓடும் ஆறு இல்லாத நிலம் இது. வெங்காயம், மிளகாய், புகையிலை எல்லாம் கிணற்றுத் தண்ணீரில் விளைந்தவை. அந்தத் தண்ணீரைத் துலா என்ற ஏற்றத்தை மிதித்துத்தான் எடுத்தார்கள். ஆடுகால் என்ற தாங்கு கம்பங்களில் துலா ஏற்றி, ஒருவர் மேலே ஏறி முன்னும் பின்னும் நடக்க, கீழே ஒருவர் துலாக்கொடியைப் பிடித்துப் பட்டை என்ற இறைவாளியால் அள்ளி வாய்க்காலில் ஊற்றுவார். விடியப்புறம் தொடங்கும் வேலை. கால் சறுக்கினால் உயிர் போகும். மெசின் வந்ததும் ஒரு ஆள் தனியாக, வரம்பில் குந்தியிருந்து, அதே தோட்டத்தை இறைத்தார். கூலியாளின் தேவை குறைந்தது, தோட்டத்தின் அளவு பெருகியது, பிள்ளைகள் விடியப்புறம் எழும்பிப் படிக்க நேரம் கிடைத்தது. மறுபக்கமும் சொல்ல வேண்டும். நமது சுண்ணாம்புப் பாறைக்குக் கீழே நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீரின் மேல் ஒரு வில்லை மாதிரி மிதக்கிறது. துலாவால் எடுக்கும்போது அந்த வில்லை தாங்கியது. மெசினால் அளவுக்கு மிஞ்சி இறைத்த இடங்களில் கீழிருந்து உவர் ஏறியது. துலாக்கொடி, பட்டை, மெசின் மூன்றையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் ஒரு பாடசாலைப் பிள்ளைக்கு இவ்வளவும் ஐந்து நிமிடத்தில் விளங்கும். உங்கள் வளவுக் கிணற்றடியில் ஆடுகால் இன்னும் நிற்கிறதா? நின்றால் அதையும் படம் எடுங்கள்.

சைக்கிளைப் பற்றி ஒரு விசயம். அதில் இரண்டு வயர் கூடுதலாக, தகரப் பெட்டி ஒன்றோடு தொங்குவதைக் கண்டேன். மின்சாரமும் பற்றறியும் இல்லாத அந்த நாட்களில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, கையால் மிதிகட்டையைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் செய்தி கேட்டார்கள். சாதாரண டைனமோ 6 வோல்ற், 3 வாற். அது தருவது ஆடலோட்டம். வானொலிக்கு வேண்டியது நேரோட்டம். ஆகவே இடையில், ஓட்டத்தை ஒரு பக்கம் மட்டும் போகவிடும் டயோட் இருக்க வேண்டும். பெட்டிக்குள் டயோட் இருந்தால் இது வானொலிக்காகக் கட்டியது என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். இல்லாவிட்டால் வெறும் விளக்குக்காகவும் இருக்கலாம். அதுவரை "செய்தி கேட்ட சைக்கிள்" என்று எழுதி ஒட்ட வேண்டாம். அந்த வீட்டில் யாராவது பெரியவர் அதைச் சுற்றியதாகச் சொன்னால், சொன்னவர் பெயர், திகதியோடு எழுதி வையுங்கள். பெட்டிக்குள் இருப்பது ஒரு சாட்சி, பெரியவரின் நினைவு இன்னொரு சாட்சி. இரண்டையும் தனித்தனியாக வைக்க வேண்டும்.

தண்டவாளத் துண்டிலும் அதே கவனம் வேண்டும். காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையில் 1902இல் ரயில் ஓடத் தொடங்கியது, 1905இல் கொழும்போடு இணைந்தது, 1956 ஏப்ரலில் யாழ்தேவி கடுகதி ரயில் வந்தது. 1990இல் எல்லாம் நின்ற பிறகு தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாகப் போயின. 2014 ஒக்ரோபரில் ரயில் திரும்ப யாழ்ப்பாணத்துக்கு வந்தபோது குடாநாட்டுக்குள் அது ஓடியது புதிதாகப் போட்ட பாதையில். ஆகவே பழைய பாதையின் ஒரு துண்டு சாமானியமான இரும்பு அல்ல. துண்டின் நடுத்தகட்டில் தடவிப் பாருங்கள். உருட்டும்போதே பதித்த ஆலையின் பெயரும் வருடமும் மேலெழுந்த எழுத்தில் இருக்கலாம். ஒரு பக்கத்தில் சீமெந்தோ செம்மண்ணோ காய்ந்து ஒட்டியிருந்தால் அதைச் சுரண்ட வேண்டாம், பதுங்குகுழிக்குப் போனதா என்று காட்டக்கூடியது அதுதான். இன்னொன்று, தண்டவாளம் ரயில்வேயின் சொத்து. மறைத்து வைக்காமல், எப்படி வளவுக்குள் வந்தது என்று தெரிந்ததை வெளிப்படையாகச் சொல்லிக் கையளிப்பதே நல்லது.

இனி, இப்போதைக்கு என்ன செய்வது. எதையும் அசைக்க முன் நான்கு பக்கமும், மேலும் கீழும் படம் எடுங்கள். பிறகு நிலத்தில் இருந்து தூக்கிப் பனங்குற்றிகளின் மேல் வையுங்கள். பொலித்தீனாலோ தறப்பாளாலோ இறுக்கிச் சுற்ற வேண்டாம்; இரவில் உள்ளே வியர்த்துத் துருவை வளர்க்கும். கூரையும் காற்றோட்டமும் போதும். கடற்காற்று வீசும் ஊரில் துருவுக்குள் உப்பு இருக்கும். உப்பு ஈரத்தை இழுக்கும். அதற்கு மேல் பெயின்ற் அடித்தால் வெளியே அழகாகவும் உள்ளே அரித்துக்கொண்டும் இருக்கும், இரண்டு மாரி தாங்காது. பொருக்காக உதிரும் துருவை மட்டும் மெல்லிய தூரிகையால் தட்டிவிட்டு, வெறும் இரும்பு தெரியும் இடத்தில் கொஞ்சம் கிறீசோ வாசலினோ மெல்லிசாகப் பூசலாம். பெயின்ற் உள்ள இடத்தில் பூச வேண்டாம். நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய் எதுவும் கூடாது. அவை காலப்போக்கில் பிசினாகிப் புளித்து இரும்பைத் தின்னும்.

எஞ்சினைப் பலவந்தமாகச் சுற்ற வேண்டாம். பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையால் கொஞ்சம் மெல்லிய ஒயில் விட்டு, சில நாள் ஊற விடுங்கள். கையால் இலேசாக அசைந்தால் நல்லது, அசையாவிட்டால் அதோடு விட்டுவிடுங்கள். பிறேக், கிளச், பழைய காஸ்கற் எல்லாவற்றிலும் அக்காலத்தில் அஸ்பெஸ்ரஸ் சேர்ப்பார்கள், ஆகவே காற்றடித்துத் தூசி கிளப்பக் கூடாது. பழைய பெயின்றில் ஈயம் இருக்கலாம், காய்ந்தபடி உரஞ்ச வேண்டாம். எரிபொருள் தாங்கியில் வெல்டிங் வைக்கவே கூடாது. பல வருடம் காய்ந்த தாங்கிக்குள்ளும் ஆவி தங்கியிருந்து வெடித்திருக்கிறது.

திரும்ப ஓடவைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இந்தத் தொழிலில் இருப்பவர்களே இதில் ஒத்துப்போவதில்லை. ஓடாத மெசின் பாதிக் கதைதான் சொல்லும் என்பார்கள் ஒரு பகுதியினர். ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் அசல் உலோகம் தேய்கிறது, பாகம் மாறுகிறது என்பார்கள் மற்றவர்கள். உங்கள் காரைப் பொறுத்தவரை நான் இரண்டாவது பக்கம். அதை ஓட்ட வேண்டுமென்றால் தேய்ந்த பெயறிங், இருந்தால் அந்த இரட்டை காஸ்கற் எல்லாவற்றையும் மாற்ற வேண்டி வரும், மாற்றினால் சாட்சி போய்விடும். இறைப்பு மெசின் வேறு. அதே வகை இன்னொன்றைத் தேடி ஓடவைத்து, உங்களுடையதை அப்படியே வைக்கலாம். அப்படி மாற்றும் எந்தப் பாகத்தையும் எறியாமல் துண்டு கட்டி, திகதி எழுதி, பக்கத்தில் வைக்க வேண்டும்.

யாருக்குக் கொடுப்பது என்ற கேள்வி மிச்சம். நாவலர் வீதியில் உள்ள நூதனசாலை தொல்பொருள் சார்ந்தது. நாவற்குழியில் 2020இல் திறந்த சிவபூமி அரும்பொருட் காட்சியகத்தில் நமது பழைய பாவனைப் பொருட்கள் இருக்கின்றன; நேரில் போய்ப் பார்த்து, பாரமான மெசின்களை ஏற்பார்களா, கூரைக்குக் கீழ் வைப்பார்களா என்று கேளுங்கள். கடுகண்ணாவையில் 2014இல் திறந்த ரயில் நூதனசாலை தண்டவாளத்துக்குப் பொருத்தம். ஆனால் அந்தத் துண்டு மலைநாட்டுக்குப் போவதை விட இங்கே இருப்பதைத்தான் நான் விரும்புவேன். யாழ்ப்பாணத்துக்கென ஒன்று அமைக்க யோசிப்பவர்கள் கண்டிக்குப் பக்கத்து ஹந்தானை தேயிலை நூதனசாலையைப் பார்க்க வேண்டும். பழைய தேயிலைத் தொழிற்சாலைக் கட்டிடத்துக்குள்ளேயே மெசின்களை வைத்திருக்கிறார்கள், புதுக் கட்டிடம் கட்டவில்லை. நமக்கும் காங்கேசன்துறையில் 1950இல் உற்பத்தி தொடங்கிய சீமெந்து ஆலையின் நிலம் இருக்கிறது. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் பெயர் மாறி 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. அந்தக் கப்பலைச் செதுக்கிய மாதிரியான மரம் செதுக்கும் வாச்சிகளும், பலகை இடுக்கை அடைக்கும் கலப்பற்று உளிகளும் இன்னும் சில வீட்டுப் பரண்களில் இருக்கும். இவற்றுக்கெல்லாம் கூரை வர எவ்வளவு காலம் எடுக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. அதுவரை இரும்புக் கடைக்குப் போகாமல் காப்பது உங்களைப் போன்றவர்கள் கையில் இருக்கிறது. எங்கே கொடுத்தாலும் எழுத்தில் கொடுங்கள். இந்த மாற்றங்களைக் கழற்றக் கூடாது என்ற ஒரு வரியையும் அதில் சேருங்கள்.

கடைசியாக அந்தப் போத்தல். அந்தக் கால ரியூப் வருடக்கணக்கில் ஒன்றில் விறைத்து நொறுங்கும், அல்லது பிசுபிசுத்துத் தூசி பிடிக்கும். தொட்டு வளைத்துப் பார்க்க வேண்டாம். கம்பி எத்தனை சுற்று, எந்தப் பக்கம் முறுக்கியது, ரியூப் காபரேற்றரின் எந்த வாயில் நுழைகிறது என்று கிட்டப் படம் எடுத்து, ஒரு தாளில் கையாலும் வரைந்து வையுங்கள். பொனற்றை மூடும்போது அதில் முட்டாமல் இருக்க ஒரு மரத்துண்டு வையுங்கள். உங்கள் பெரியப்பா இன்னும் இணுவிலில் இருக்கிறார், அந்தக் காரை ஓட்டியவர் அவர்தான் என்று எழுதியிருந்தீர்கள். இந்த வாரமே ஒரு பின்னேரம் அவரைக் கொட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். பொனற்றைத் திறந்து வைத்து, போனில் வீடியோவைப் போட்டுவிட்டு, "பெரியப்பா, இதை எப்படி ஸ்ராட் பண்ணினீங்கள்?" என்று கேளுங்கள். அவர் கை எங்கெங்கே போகிறது என்று படம் பிடியுங்கள். அந்தப் போத்தலைக் கட்டிய மெக்கானிக்கின் பெயரையும் அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.